நான்முகச் சிங்கமும் நம் இலாஞ்சனங்களும்

சிறியதொரு வினா சில வேளைகளில் பெரியதொரு பாடத்தைத் தொடங்கி வைத்துவிடும். கரையான்சாவடியில் எங்கள் இல்லத்திற்கு ஞாயிறுதோறும் அறநெறிப் பாடம் கேட்க வரும் சிறுவன் ஒருவன், தன் தமையனின் பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்தான். அதன் அட்டையிலுள்ள அரசுச் சின்னத்தைக் காட்டி, "பாட்டி, மேலே சிங்கம்; அது மகாவீரருக்கு உரியது. கீழே ஆதிநாதரின் காளையும் சம்பவநாதரின் குதிரையும் இருக்கின்றன. அப்படியானால் இது நம் சமணச் சின்னம்தானே?" என்று வினவினான். ஆம் என்று சொல்லிவிடவே உள்ளம் விழைந்தது. எனினும் அடுத்த வாரம் விடை கூறுவதாகச் சொல்லி அனுப்பினேன். அவனுக்குக் கூறியதையே வாசக அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

சின்னத்தின் வரலாறு

காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் நாட்டிய கற்றூணின் உச்சிச் சிற்பமே இதற்கு மூலம். 1904-05இல் நடந்த அகழாய்வில் அது வெளிப்பட்டது. நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து நாற்றிசையும் நோக்கி அமர்ந்துள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டப் பீடத்தைச் சுற்றி யானை, காளை, பாயும் குதிரை, சிங்கம் ஆகியவையும், இடையிடையே சக்கரங்களும் செதுக்கப்பட்டுள்ளன.

1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசு இதனைத் தன் சின்னமாக ஏற்றது. படத்தில் மூன்று சிங்கங்களே தெரியும். பீடத்தின் நடுவே சக்கரமும், வலப்புறம் காளையும், இடப்புறம் குதிரையும் காணப்படும். யானையும் சிறிய சிங்கமும் பின்புறம் மறைந்துள்ளன. அடியில், வாய்மையே வெல்லும் எனப் பொருள்படும் முண்டக உபநிடதத் தொடர் உள்ளது. தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்திலோ அம்மொழி தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

காணும் ஒற்றுமை

காளை முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதருக்கும், யானை இரண்டாமவரான அஜிதநாதருக்கும், குதிரை மூன்றாமவரான சம்பவநாதருக்கும், சிங்கம் இருபத்துநான்காமவரான மகாவீரருக்கும் இலாஞ்சனங்கள். பீடத்துச் சக்கரத்தின் ஆரங்களும் 24. அச்சிறுவன் மயங்கியதில் வியப்பில்லை, வளர்ந்தோரும் மயங்கக்கூடும்.

உண்மை யாது?

சாரநாத் புத்தர் பெருமான் முதன்முதலில் அறவுரை நிகழ்த்திய இடம். அத்தூணில் உள்ள அசோகரின் கட்டளையும் பௌத்த சங்கத்தில் பிளவு உண்டாக்குவோரைக் கண்டிப்பதே. மேலும், தீர்த்தங்கரர் திருவுருவங்களில் இலாஞ்சனம் பொறிக்கும் வழக்கம் அசோகருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே தோன்றியது. குஷாணர் கால மதுராச் சிற்பங்களில் இலாஞ்சனங்கள் இல்லை. தோளில் புரளும் சடையால் ஆதிநாதரையும், நாகபணத்தால் பார்சுவநாதரையும் அறிகிறோம். குப்தர் காலத்து ராஜகிருக நேமிநாதர் பீடத்தில் சங்கு காணப்படுகிறது. ஆகவே சாரநாத்துச் சிற்பி நம் இலாஞ்சனங்களை எண்ணிச் செதுக்கினார் என்று கூற இயலாது.

இதனால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. தற்போது தில்லியில் நிற்கும் தோப்ராத் தூணில், தம் அறவதிகாரிகள் நிர்கிரந்தரின் நலனையும் கவனிப்பர் என்று அசோகர் பொறித்துள்ளார். நிர்கிரந்தர் என்போர் நம் முனிவரே. பதினோராம் தீர்த்தங்கரரான சிரேயாம்சநாதர் பிறந்த சிம்மபுரி எனச் சாரநாத்துப் பகுதி போற்றப்படுகிறது. அங்குள்ள பெரிய ஸ்தூபிக்கு அருகிலேயே திகம்பர ஜினாலயம் ஒன்றும் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் மூலக் கையெழுத்துப் பிரதியில் மகாவீரரின் தியானத் திருவுருவம் தீட்டப்பட்டுள்ளது. இவை மெய்யான பெருமைகள். மெய்யான பெருமை இருக்க, பிறருடையதை நமதென்பது எதற்கு?

வாய்மை என்னும் விரதம்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் வாய்மை இரண்டாவது. பிறர் சமயச் சின்னத்தை நமதென்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அவ்விரதத்திற்கு இழுக்கே. அச்சின்னத்தின் கீழே எழுதப்பட்ட மொழியை மீறிக்கொண்டே அச்சின்னத்தைப் போற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

2014 ஜனவரி 27 அன்று மைய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தது. கல்வி உதவித்தொகைக்காகவும் சான்றிதழுக்காகவும் நம் குடும்பத்தார் வட்டாட்சியர் அலுவலகத்தை நாடுகின்றனர். அங்கே கோபுரச் சின்னமிட்ட தாளுக்காக வருமானத்தைக் குறைத்து எழுதினால், இழப்பது ஒரு விரதத்தை. பிள்ளை அருகில் நின்று பார்க்கிறான் என்பதையும் மறத்தலாகாது. நாம் நடத்தும் பாடங்களுள் அவன் நெஞ்சில் ஆழமாகப் பதிவது அதுவே.

விடை கேட்ட சிறுவனின் முகம் சற்றே வாடியது. பிறகு, "சின்னம் நமதில்லை, ஆனால் அந்த வாய்மை நமதுதானே, பாட்டி?" என்றான். "காப்பாற்றினால் நமது" என்றேன்.

சிறுவர்க்குச் சில வினாக்கள்

1. அரசுச் சின்னத்தின் படத்தில் மறைந்துள்ள விலங்குகள் யாவை?
2. யானை எந்தத் தீர்த்தங்கரரின் இலாஞ்சனம்?
3. இந்த வாரத்தில் நீ வாய்மை காத்த நிகழ்ச்சி ஒன்றை எழுதிப் பெற்றோரிடம் காட்டுக.

அறம் வளர்க! வாய்மை வெல்க!