டிஸ்க் பிதுங்கினால் படுத்தே கிடக்காதீர்கள்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று பார்த்ததும் கலங்க வேண்டாம். வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களுக்கும் அது தென்படுவது சகஜம். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க், பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு மட்டங்களில்தான் பிதுங்குகிறது. அது நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும்.

ஓரிரு நாளுக்கு மேல் படுக்கையில் கிடந்தால் தசைகள் தளர்ந்துவிடும். தாங்கும் அளவுக்கு நடங்கள். தண்ணீர்க் குடத்தை முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். (கேஸ் சிலிண்டரா? தூக்கவே வேண்டாம்!) வலி 3 மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.