யாரிடமிருந்து மறைய வேண்டும்? வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல்: எது யாருக்கு?

2019 ஆகஸ்டில் ஹாங்காங் போராட்டக்காரர்களிடையே ஒரு பீதி பரவியது. டெலிகிராமில் ‘என் எண்ணை யாரும் பார்க்கக் கூடாது’ என்று வைத்திருந்தவர்களையும் அடையாளம் காண ஒரு வழி இருந்தது. ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாக ஒரு போனில் சேமித்துவிட்டுச் செயலியைத் திறந்தால் போதும். அவற்றில் எந்த எண் எந்தக் குழுவில் இருக்கிறது என்பதைச் செயலியே பொருத்திக் காட்டிவிடும். அடுத்த மாதமே டெலிகிராம் ‘எண்ணை வைத்து என்னை யார் கண்டுபிடிக்கலாம்’ என்ற தனி அமைப்பைச் சேர்த்தது.

ஆறு ஆண்டு கழித்து வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதே வேலையை வாட்ஸ்அப்பில் மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மணிக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட எண்களைச் சோதித்து, 350 கோடி கணக்குகளைக் கண்டறிந்ததாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அவற்றில் சுமார் 57 சதவீதக் கணக்குகளின் ப்ரொஃபைல் படம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. செய்திகளை அவர்களால் படிக்க முடியவில்லை. ஆனால் யார் இருக்கிறார், அவர் முகம் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிட்டது.

ஆகவே, செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது ‘குறியாக்கம் இருக்கிறதா’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ‘யாரிடமிருந்து மறைய வேண்டும், அவர் கையில் என் எண் இருக்கிறதா’ என்றும் கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்பச் செயலி மாறும்.

தெரிந்தவர்களின் பார்வை மட்டும்தான் தொல்லை என்றால்: வாட்ஸ்அப்

‘ராத்திரி ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கிட்ட பேசின?’ என்று கேட்கும் உறவினர், விடுப்பு நாளிலும் ப்ளூ டிக்கைப் பார்த்துவிட்டு ‘படிச்சிட்டு ஏன் பதில் போடல?’ என்று கேட்கும் மேலாளர். சிக்கல் இவ்வளவுதான் என்றால் செயலியை மாற்றத் தேவையில்லை. செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குப் போய் லாஸ்ட் சீனை ‘யாருக்கும் வேண்டாம்’ என்று வைத்து, ஆன்லைனையும் ‘லாஸ்ட் சீன் போலவே’ என்று மாற்றலாம். ஆன்லைனில் இருப்பதை மறைக்கும் வசதி 2022இல் வந்தது. இதற்கு ஒரு விலை உண்டு: உங்கள் லாஸ்ட் சீனை மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. ப்ளூ டிக்கை அணைத்தாலும் குழுக்களில் அது தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும்.

பலர் ஏமாறும் இடம் ‘என் தொடர்புகள்’ என்ற தேர்வு. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தால் விஷயம் புரியும். கேஸ் சிலிண்டர் போடுபவர், பழைய வீட்டு புரோக்கர், ஒரே ஒரு முறை வந்த பிளம்பர், எப்போதோ பயணம் செய்த ஆட்டோ ஓட்டுநர் என எல்லோரும் அதில் இருப்பார்கள். வாட்ஸ்அப்புக்கு அவர்கள் அனைவரும் தொடர்புகளே. ‘இவர்களைத் தவிர’ என்ற தேர்வில் அவர்களை விலக்கலாம். அல்லது எண்ணையே அழித்துவிடலாம்.

குழுக்களில் உங்களை யார் சேர்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதி 2019இலிருந்து இருக்கிறது. அதையும் தொடர்புகளோடு நிறுத்துவது நல்லது. தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதி 2023இல் வந்தது. ஆனால் அடுக்குமாடிச் சங்கக் குழுவிலோ, பள்ளிப் பெற்றோர் குழுவிலோ சேர்ந்தால் மற்ற உறுப்பினர்களுக்கு எண் தெரிவதுதான் வாட்ஸ்அப் பல ஆண்டுகளாக இயங்கிவரும் முறை. எண்ணை நடுவில் வைத்துக் கட்டப்பட்ட செயலி அது. எண் வெளியே போனபின் செட்டிங்ஸால் செய்யக்கூடியது குறைவு.

அந்நியர்கள் நிறைந்த பெரிய குழு என்றால்: டெலிகிராம்

டிஎன்பிஎஸ்சி தேர்வுக் குழு, பழைய புத்தகம் விற்பவர்களின் குழு என ஆயிரக்கணக்கானோர் கூடும் இடங்களுக்கு டெலிகிராம் பொருத்தமானது. அங்கே எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரோடு மட்டும் புழங்கலாம். அதற்கு இரண்டு அமைப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். ‘என் எண்ணை யார் பார்க்கலாம்’ என்பதில் ‘யாரும் வேண்டாம்’ என்று வைத்த பிறகுதான், அதன் கீழே ‘எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம்’ என்ற கேள்வி தோன்றும். அதில் ‘என் தொடர்புகள்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஹாங்காங்கில் பிரச்சினையான ஓட்டையை அடைக்க வந்தது இந்த இரண்டாவது அமைப்பு. முதலாவதோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

டெலிகிராமின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் வழக்கமான உரையாடல்களுக்கு முனைக்கு முனை குறியாக்கம், அதாவது பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு, கிடையாது. இருவருக்கிடையிலான ரகசிய உரையாடலைத் தனியாகத் தொடங்கினால் மட்டுமே அது உண்டு. குழுக்களுக்கு அந்த வசதியே இல்லை. சட்டப்படியான கோரிக்கை வந்தால் பயனரின் எண்ணையும் ஐபி முகவரியையும் அதிகாரிகளிடம் தரலாம் என்று 2024 செப்டம்பரில் நிறுவனம் தன் கொள்கையை மாற்றியது. முகம் தெரியாதவர்களிடமிருந்து மறைய டெலிகிராம் உதவும். அந்தரங்கமாகப் பேச அது இடமில்லை.

எண் ஏற்கெனவே தவறான கையில் இருந்தால்: சிக்னல்

மூன்றிலும் மிகக் கடினமான நிலை இதுதான். பிரிந்துபோன துணை, விடாமல் பின்தொடரும் முன்னாள் நண்பர் போன்றவர்களிடம் எண் இருக்கும். புதிய கணக்கைத் தேடிக்கொண்டும் இருப்பார்கள். சிக்னலில் சேரவும் எண் வேண்டும். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து எண்ணைத் தராமல் பயனர்பெயரை மட்டும் தந்து பேசலாம், ‘எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்கலாம்’ என்பதையும் ‘யாரும் வேண்டாம்’ என்று மூடலாம். அதன்பின் எண் தெரிந்தவர் தேடினாலும் கணக்கு இருப்பதாகவே காட்டாது. பயனர்பெயர் கசிந்துவிட்டால் உடனே வேறு பெயருக்கு மாறிவிடலாம். லாஸ்ட் சீன் என்ற ஒன்றே சிக்னலில் இல்லை.

அந்த நிறுவனம் சேமித்து வைத்திருப்பதும் மிகக் குறைவு. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நீதித்துறை உத்தரவு வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நேரத்தையும் தவிர, தருவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

குறை ஒன்றுதான்: உறவினரும் அலுவலகமும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். அதனால் நெருங்கிய சிலருக்கு மட்டும் சிக்னல், மற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் போட்ட வாட்ஸ்அப் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். எண்ணே கொடுக்க மனமில்லாதவர்களுக்கு, கட்டணம் கட்டி வாங்கும் ஸ்விட்சர்லாந்துச் செயலியான த்ரீமா இருக்கிறது. எட்டு எழுத்து அடையாளம் ஒன்றே அதற்குப் போதும்.

பின்தொடர்தலுக்கு ஆளானவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியல். வீட்டுக் கணினியில் யாரோ ஒருமுறை க்யூஆர் ஸ்கேன் செய்து வைத்திருந்தால், எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. தெரியாத சாதனம் இருந்தால் உடனே வெளியேற்ற வேண்டும். அடுத்தது, எண் மாற்றும்போது கவனம் தேவை. வாட்ஸ்அப்பின் ‘எண்ணை மாற்று’ வசதியைப் பயன்படுத்தினால் பழைய குழுக்களுக்கெல்லாம் புது எண் அறிவிக்கப்படும். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புது எண்ணில் புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பு. மிரட்டல் செய்திகளை ப்ளாக் செய்யும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வது அவசியம். ஒரு பெண்ணை இணையத்தில் கண்காணிப்பதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 78ஆம் பிரிவின்படி குற்றம்தான். பெண்கள் உதவிக்கு 181ஐ அழைக்கலாம்.

செயலிக்கு வெளியே இருக்கும் வாசல்கள்

எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க வாட்ஸ்அப்பே தேவையில்லை. பணம் அனுப்புவது போல யூபிஐ செயலியில் எண்ணை அடித்தால், வங்கிக் கணக்கிலுள்ள பெயர் அப்படியே திரையில் வந்துவிடும். ட்ரூகாலரில் மற்றவர்கள் சூட்டிய பெயர் வரும். ட்ரூகாலர் கணக்கை அழித்தபின் அதன் பட்டியலிலிருந்து எண்ணை நீக்கச் சொல்ல வழி உண்டு. இதனால் விளம்பரத்துக்கும் குழுக்களுக்கும் டெலிவரிக்கும் தரும் எண், வங்கியோடு இணைத்த எண்ணாக இல்லாமல் இருப்பது நல்லது. இரண்டாவது சிம்முக்கு மாதம் கொஞ்சம் செலவாகும், ஆனால் பெயர் வெளியாகும் பெரிய வழி ஒன்று அடைபடும்.

எல்லாம் முடித்தபின் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமிக்காத, நீங்களும் எண்ணைச் சேமிக்காத ஒருவரின் போனை இரவல் வாங்கி, அதில் உங்கள் எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் வருகிறதா, டெலிகிராமில் கணக்கு வருகிறதா, சிக்னலில் எதுவும் வராமல் இருக்கிறதா, யூபிஐயில் யார் பெயர் காட்டுகிறது என்று நான்கையும் பார்த்தால், இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.