ஜனவரி 6

இசையுலகில் ஜனவரி 6 இரு வகையில் நினைவுகூரத்தக்க நாள். 1847-இல் அந்நாளில் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் மறைந்தார். சரியாக 120 ஆண்டுகள் கழித்து, 1967-இல், சென்னையில் ஏ. ஆர். ரகுமான் பிறந்தார். ஆனால் தியாகராஜ ஆராதனை ஆண்டுதோறும் அதே தேதியில் வருவதில்லை. அது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமித் திதியில் நடைபெறுகிறது. பன்னிரு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. ஆகவே திதி ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முந்தும். இடையிடையே சேரும் அதிக மாதம் அதனைப் பின்தள்ளும்.

நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டனார் மறைந்த தேதியை எவரும் எழுதி வைக்கவில்லை. திதியை மட்டும் பாட்டி அறிவார். அதனை எழுத்தறியாதவர் கணக்கென்று எண்ணியிருந்தேன். திருவையாற்றிலும் அதே கணக்குத்தான்!