இரண்டு சாக்ஸபோன், ஒரு ஆல்பம்: ‘கின்ஸ்மென்’ கேட்க முழுமையான வழிகாட்டி

திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைகளில் நாள் முழுக்க சினிமாப் பாட்டு ஓடும். பீஸ் எண்ணும் கைக்கு அது போதும். ‘கின்ஸ்மென்’ மாதிரி ஜாஸ் வேறு, பாதிக் காது கொடுத்தால் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். பண்டல் எல்லாம் லாரி ஷெட்டுக்குப் போன பிறகு ஆரம்பியுங்கள்.

முதலில் ‘டூயட்’

ஆல்பத்தின் இரண்டு சாக்ஸபோனில் ஒன்றை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம், 1994-ல் வந்த இந்தப் படத்தில். திரையில் பிரபு சாக்ஸபோன் ஊதுவார். பின்னால் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மானுக்காக வாசித்தவர்களில் முக்கியமானவர் கத்ரி கோபால்நாத். தட்சிண கன்னடத்து நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். நாகஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடி, ஸ்வரத்தை அசைத்துக் கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் துளைக்கு மேல் மூடி, மூடிக்கு மேல் சாவி. உதடும் மூச்சும்தான் வழி. அதுவும் போதாமல் கருவியின் சாவிகளையே தனக்கேற்ப மாற்றிக்கொண்டார்.

பிறகு ருத்ரேஷ்

ருத்ரேஷ் மகந்தப்பா 1971-ல் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ்காரர். படிக்கிற காலத்தில் கத்ரியின் ஆல்பம் ஒன்றை அண்ணன் கிண்டலுக்குக் கையில் கொடுக்க, கிண்டல் வினையாகிவிட்டது. 2008-ல் இருவரும் சேர்ந்து ‘கின்ஸ்மென்’; வெளியிட்டது பை ரெக்கார்டிங்ஸ். கத்ரி பக்கம் ஏ.கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். ருத்ரேஷ் பக்கம் ரெஸ் அப்பாசி கிடார், கார்லோ டி ரோசா டபுள் பேஸ், ராயல் ஹார்ட்டிகன் டிரம்ஸ்.

யார் ஊதுகிறார்?

சிக்கல் இங்கேதான். இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன். ஒரே நூலில் ஒரு மிஷின் சிங்கிள் ஜெர்சி பின்னும், இன்னொன்று ரிப் பின்னும் இல்லையா, அப்படி. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போனால், ஒரே ஸ்வரத்தை ஆட்டி அசைத்தால் கத்ரி. கூராக வெட்டி, திடுக்கென்று திசை மாறினால் ருத்ரேஷ். ‘கல்யாணி’ என்ற உருப்படியில் சோதித்துப் பாருங்கள். சினிமாவிலேயே பழகிய ராகம், நம் காது தடுமாறாது.

இரண்டாம் முறை மேளத்தை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பிடியுங்கள். கர்னாடகக் கச்சேரியில் சுருதி நகராது. ஜாஸில் அடித்தளமே நகரும். இந்த ஆல்பத்தின் ருசியே அந்த இழுபறிதான் என்பேன். போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது, இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

தனி ஆலாபனைகள்

நடுநடுவே ஒருவர் மட்டும் வாசிக்கும் சின்னச் சின்ன ஆலாபனைகள் வரும். தாண்டிப் போகாதீர்கள். கிடார்காரர் ஆலாபனை செய்வது எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று கவனிப்பதே நல்ல பயிற்சி.

அடுத்து

பிடித்துப்போனால் ருத்ரேஷின் ‘கமக்’ (2013). கொஞ்சம் முரட்டு ஆல்பம், கிடார் கத்தும். பிடிக்காவிட்டால் கத்ரியின் கச்சேரிப் பதிவுகள் பக்கம் போய்விடுங்கள். 2019 அக்டோபரில் காலமாகும்வரை ஏராளமாக வாசித்து வைத்திருக்கிறார்.