கூலிக் கைதட்டு

இணையத்தில் ஒரு கட்டுரையையோ பாட்டையோ காணும் மாணாக்கர் பலர், அதனுள் நுழையு முன்னரே அதற்கு எத்தனை 'லைக்' விழுந்துள்ளது என்று நோக்குகின்றனர். அதனைப் பிழையென்று நாம் கூறோம். அறியாத ஊருக்குச் சென்றவன் கூட்டம் மிகுந்த உணவுச்சாலையை நாடுதல் இயல்பன்றோ? முன் சென்றோர் தம் பொழுதைச் செலவிட்டுச் சுவைத்து நன்றென்றனர் என்னும் நம்பிக்கையே அவ்வெண்ணுக்கு மதிப்பளிக்கின்றது. குறி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதர் உளர் என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. அவ்வடிப்படையை அரிக்கும் தீங்கினையும் அதற்குரிய பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

இத்தீங்கு புதியதன்று. உரோமாபுரியை கி.பி. 54 முதல் 68 வரை ஆண்ட நீரோ மன்னன், தான் அரங்கேறிப் பாடுங்கால் கைதட்டுவதற்கென்றே 5,000-க்கு மேற்பட்ட இளைஞரைத் திரட்டினான் என்று சுவெட்டோனியுஸ் எழுதியுள்ளார். அவர்கள் அணி அணியாய்ப் பிரிந்து, தேனீக்களின் முரலொலி போன்றதொரு வகை, 'ஓடு' என்று பெயர் பெற்ற மற்றொரு வகை எனக் கைதட்டும் வகைகளைப் பயின்றனராம். பின்னர் இளைய பிளினி என்பார், வழக்குமன்றத்தில் வாதிடுவோரைப் புகழும்பொருட்டுத் தம் ஏவலாளர் இருவர் தலைக்கு 3 தினாரியம் கூலிக்கு இழுத்துச் செல்லப்பட்டதை ஒரு கடிதத்தில் நொந்து குறிப்பிடுகின்றார்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து நாடகசாலைகளில் இது முறையானதொரு தொழிலாகவே வளர்ந்தது. 'கிளாக்' எனப்பட்ட அக்கூட்டத்தில் நகைப்பதற்குச் சிலர், கண்ணீர் விடுதற்குச் சிலர், 'மீண்டும் பாடுக' என்று கூவுதற்குச் சிலர் இருந்தனர். வேரோன் என்பார் 1831-இல் ஆப்பெரா நாடகசாலையின் தலைமையை ஏற்றார். அவர் காலத்தில் ஒகுஸ்த் என்னும் கிளாக் தலைவர் ஒத்திகைக்கே வந்திருந்து, எவ்விடத்தில் எவ்வளவு ஆரவாரம் வேண்டுமென்று அவரோடு கலந்து முடிவு செய்வார். இலவச நுழைவுச்சீட்டுகளே கூலியின் பெரும்பகுதி. இங்கே ஒன்றைக் கருதவேண்டும். ஏமாற்றியவன் சுவரேறிக் குதித்த கள்வன் அல்லன். சாலைக்குரியவரே அவனுக்குக் கதவு திறந்தார், ஏனெனில் ஆரவாரத்தால் அவருக்கும் ஆதாயம் இருந்தது.

இக்காலத்துக் கிளாக்குக்கு மனிதரும் வேண்டா. 'பாட்' என்னும் கணினி நிரல் ஒன்றே ஆயிரம் பெயர்களில் கணக்குத் திறந்து, இரவு பகலாக லைக் இடும். வேண்டாத விளம்பரங்களையும் கொட்டும். இவ்விளம்பரக் குப்பையை 'ஸ்பாம்' என்பர்.

இவற்றைத் தடுக்க முதலில் எழுந்த கருத்து, வாயிலில் நிறுத்தி 'நீ மனிதனா?' என்று வினவுதல். 'காப்சா' என்று பெயர் பெற்ற, கோணலாய் எழுதிய எழுத்துக்களைப் படிக்கச் சொல்லும் சோதனையை எல்லோரும் கண்டிருப்பர். ஆயின் கண்பார்வையற்றோர் அதனால் வெளியே நிறுத்தப்பட்டனர். வஞ்சகரோ சொற்பக் கூலிக்கு ஆள் வைத்து அதனைத் தீர்த்துக்கொண்டனர்; நாளடைவில் யந்திரமும் அதனைப் படிக்கக் கற்றது. யோக்கியர்மீது மட்டும் சுமை ஏற்றும் காவல் நற்காவல் ஆகாது. இதனினும் நயமானதொரு சூழ்ச்சியுண்டு. விண்ணப்பப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குப் புலப்படாத கட்டம் ஒன்றை வைப்பர். கண்டதையெல்லாம் நிரப்பும் நிரல் அதனையும் நிரப்பித் தானே அகப்பட்டுக்கொள்ளும்!

எனினும், ஆளைப் பிடிப்பதினும் ஆதாயத்தை அழிப்பதே மேலென்பது நம் துணிபு. பிற பக்கங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகள் மிகுந்தால், தேடுபொறி அப்பக்கத்தை முன்னிறுத்தும். ஆதலால் பாட்கள் அயலார் பக்கங்களிலெல்லாம் தம் இணைப்பை விதைத்தன. 2005-இல் கூகிள் நிறுவனத்தார், 'இவ்விணைப்பைக் கணக்கிற் கொள்ளற்க' என்று பக்கத்துக்குரியவர் குறித்தற்கு ஓர் அடையாளம் வகுத்தனர். குப்பை முற்றும் ஒழிந்ததில்லை. ஆயினும் விதைத்தவனுக்கு விளைச்சல் குறைந்தது. லைக் தொகையையே மறைத்துவிடுதலும் இவ்வகையினதே. இன்ஸ்டாகிராம் 2019-இல் சில நாடுகளில் அவ்வாறு மறைத்துப் பார்த்தது. 2021-இலோ, மறைப்பதும் காட்டுவதும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. வேரோனை நாம் மறத்தற்கில்லை.

சிறுதொகை கொடுத்து லைக் வாங்குதல் விளையாட்டென்று கருதும் இளைஞரும் உளர். பன்னிருவர் மெய்யாக விரும்பிய ஒரு தோழனின் பாட்டு, விலைக்கு வந்த பன்னீராயிரத்தின் அடியில் புதைந்துபோவதை அவர் எண்ணுவதில்லை. வாங்கியவனுக்கோ தன் பாட்டு நன்றா தீதா என்று அறியும் வழியே அடைபட்டுப் போகின்றது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024-இல் வகுத்த விதி, வாணிகப் பயனுக்காகப் பாட்களின் வாயிலாய்ப் பெற்ற பொய் லைக்குகளையும் பின்தொடர்வோரையும் விற்பதை மட்டுமன்று, பொய்யென்று அறிந்தோ அறிந்திருக்கவேண்டிய நிலையிலோ வாங்குவதையும் தடைசெய்கின்றது.