சிறப்புக் கல்விக்கான அரசு நிதி: நம் குழந்தையை வந்தடைவது எவ்வாறு?

"பள்ளியில் என் பிள்ளைக்கென அரசு பணம் தருகிறதாமே, எங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லையே" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அந்நிதி எவ்வடிவில் வருகிறது என்பதை அறிந்தால்தான் அதைக் கேட்டுப் பெற இயலும்.

நிதியின் வடிவம்

2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவை மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் 60:40 விகிதத்தில் ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதன் உள்ளடங்கிய கல்விப் பிரிவில், மாற்றுத்திறன் கொண்ட குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.3,500 வரை அனுமதிக்கப்படுகிறது. இது பெற்றோர் கையில் தரப்படும் ரொக்கம் அன்று. மதிப்பீட்டு முகாம், செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி, பிரெய்ல் நூல், பயணப்படி, உடன்வருவோர்க்கான படி போன்ற உதவிகளாகவே வந்து சேரும். பெண் குழந்தைகளுக்கு மட்டும் மாதம் ரூ.200 வீதம் 10 மாதங்களுக்கு உதவித்தொகை தனியே உண்டு. அது வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

கணக்கிட்டால் ரூ.3,500 என்பது நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவு. ஆனால் பள்ளிகளில் பதிவான குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டே ஆண்டுத் திட்டம் வகுக்கப்படுகிறது. பதிவேட்டில் இல்லாத குழந்தைக்காக எவரும் நிதி கேட்பதில்லை.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலலாம். கடுமையான குறைபாடுடைய குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறவும் வழியுண்டு. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. அரசு மருத்துவமனையில் குழந்தையைப் பரிசோதித்து, மாற்றுத்திறனாளிச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுக.
2. சான்று வரும்வரை காத்திராமல் பள்ளியில் சேர்க்க. குழந்தையின் நிலையைத் தலைமையாசிரியரிடம் கூறிப் பதிவு செய்யச் சொல்க.
3. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைச் சந்திக்க. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், திருப்பெரும்புதூர், குன்றத்தூர் என நம் மாவட்டத்தில் ஐந்து வட்டாரங்கள் உள்ளன.
4. மருத்துவ அறிக்கைகளின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருந்து, மதிப்பீட்டு முகாமுக்குத் தவறாது கொண்டு செல்க.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் அனைவரும் அறிந்த ஒன்றுண்டு: கோர்வைச் சேலையில் கரையை உடலோடு இணைக்க ஒருவர் கை போதாது, துணைக்கு மற்றொருவர் வேண்டும். இங்கும் அவ்வாறே. சான்று தருவது மருத்துவமனை. பதிவு செய்வது பள்ளி. இரண்டையும் இணைப்பது பெற்றோர். "நடக்க முடியாதவன், வீட்டில் தறியருகே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டால் அக்குழந்தை எந்தக் கணக்கிலும் இராது. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, சான்றிதழ் குறித்துத் தயங்காது கேளுங்கள்.