கோடியும் கூறையும்

நுழையும்முன்

மணநாளில் மகளிர் உடுத்தும் ஆடை அழகுக்கு மட்டும் உரியதன்று. உறவையும் உழைப்பையும் உணர்த்துவது. அவ்வாடையை உருவாக்கும் நெசவாளரின் திறனை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தமிழர் திருமணத்தில் புத்தாடை பெறும் இடம் தொன்மையானது. சங்ககால மணவிழாவைக் காட்டும் அகநானூற்றின் 86ஆம் பாடலில், மணமகள் புத்தாடை உடுத்தியிருக்கிறாள். அப்பாடலில் புதுமையைக் குறிக்கும் ‘கோடி’ என்னும் சொல், புத்தாடையைச் சுட்டும் சொல்லாக இன்றும் மக்கள் வழக்கில் வாழ்கிறது.

கூறை என்பதற்கு ஆடை என்பது பொருள். மணமகன் வீட்டார் அளிக்கும் கூறைப்புடவையை மணமகள் உடுத்தி வந்த பின்னரே தாலி கட்டுவது, தமிழகத்திலும் ஏம்பலம் போன்ற புதுச்சேரிச் சிற்றூர்களிலும் காணப்படும் வழக்கம். மயிலாடுதுறையின் ஒரு பகுதியாகிய கூறைநாடு இப்புடவையால் புகழ்பெற்றது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டங்கள் அமைய நெய்வது அவ்வூர் மரபு. குஜராத்திலும் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் ‘பானேதர்’ புடவையையும், மணமகன் வீட்டார் ‘கர்சோளா’வையும் அளிப்பர். கொடுப்பவரின் உறவே அவ்வாடைகளுக்குச் சிறப்பைத் தருகிறது.

காஞ்சிபுரப் பட்டின் சிறப்பு அதன் இணைப்பில் உள்ளது. புடவையின் உடலும் இருபுறக் கரைகளும் வேறுவேறு நிறமாயின், மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். நடுநாடா உடலையும், பக்க நாடாக்கள் கரைகளையும் நெய்யும். ஊடையிழைகள் சந்திக்குமிடத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதுவே ‘கோர்வை’. முந்தானையின் நிறம் வேறாயின், பழைய பாவிழைகளோடு புதிய நிறப் பாவிழைகளைச் சேர்த்துச் சிறிது நெய்தபின், பழையவற்றை வெட்டி நீக்குவர்.

கோர்வை ஒருவரால் மட்டும் ஆவதன்று. நெசவாளரின் அருகமர்ந்து, ஒரு பக்க நாடாவைச் செலுத்த மற்றொருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் வீட்டாருள் ஒருவராகவே இருப்பார். புடவைக்குப் புகழ் சேரும்போது அவர் பெயரை எவரும் சொல்வதில்லை.

விசைத்தறியில் நெய்த போலிகள் தொலைவிலிருந்து காண்பவர்க்குக் கைத்தறிப் பட்டாகவே தோன்றும். கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. காஞ்சிபுரப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இவை பெயரைக் காக்கும். ஆனால், தறியின் இரண்டாம் இருக்கையில் அமர ஆள் வேண்டுமே! அவ்வுழைப்புக்கும் உரிய கூலி கிடைத்தால்தான் இளையோர் தறியை நாடுவர். மணப்புடவையின் விலையைக் கேட்கும் நாம், அதில் நெய்தவர் பெறும் பங்கு எவ்வளவு என்றும் கேட்கப் பழக வேண்டும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் இல்லத்திலுள்ள மணப்புடவை ஒன்றின் உட்புறத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேருமிடத்தை உற்றுநோக்குக. அப்புடவையை யார் யாருக்கு அளித்தார், அது எவ்வூரில் நெய்யப்பட்டது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.